காலண்டர் தாளில் ஒரு வழக்கு

2025 நவம்பர் 20, வியாழக்கிழமை. கோர்ட்டிலிருந்து வந்து கவுனைக் கழற்றி ஆணியில் மாட்டக்கூட இல்லை. இரண்டு சட்டக் கல்லூரிப் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"கவர்னர் ஜெயிச்சிட்டாரு சார்" என்றான் முதலில் வந்தவன்.

"எங்கிட்டு ஜெயிச்சாரு? கிடப்புல போட்டா கோர்ட்டுக்குப் போகலாம்னு தெளிவாச் சொல்லியிருக்கு. டிவில கீழே ஓடுற வரிய மட்டும் படிச்சிட்டு வந்து பேசாத" என்றான் பின்னால் வந்தவன்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன். "மொத்தம் எத்தனை கேள்விடா கேட்டிருந்தாங்க?" என்றேன். ஒருவன் ஐந்து என்றான். மற்றவன் விட்டத்தைப் பார்த்தான். மசோதாக்களுக்கு ஆளுநர் ஏற்பிசைவு, அதாவது ஒப்புதல், தருவதைப் பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்டவை பதினான்கு கேள்விகள். அவற்றில் சிலவற்றுக்கு விடையே சொல்லாமல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. கேள்வி எத்தனை என்றே தெரியாமல் யார் ஜெயித்தார் என்று இருவராலும் சொல்ல முடிந்தது. அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. மத்தியானம் வக்கீல் சங்க அறையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டு நானும் அதையேதான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

"சனிக்கிழமை வாங்க. வீட்டுல கிழிச்ச காலண்டர் தாள் கிடந்தா எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தேன்.

சனிக்கிழமை வாசிப்பு என்பது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. மதுரை கே.கே. நகரில் என் அலுவலக முன்னறையின் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருவோம். சில வாரம் ஐந்து பேர், சில வாரம் பதினைந்து பேர். பரீட்சை நெருங்கினால் யாரும் வர மாட்டார்கள். குமாஸ்தா அண்ணன் பருத்திப்பால் வாங்கி வந்து வைப்பார். பேப்பரில் அடிபடுகிற ஒரு வழக்கை எடுத்து, தீர்ப்பையே கையில் வைத்துக்கொண்டு படிப்போம். பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று சொன்னபோது நான்கு சனிக்கிழமைகள் அதற்கே போயின. அருந்ததியருக்கு 3 விழுக்காடு தந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் நம் ஊர்ச் சட்டம் என்பதால் அறை கொதித்தது. அதே ஆண்டு ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதோ வாசிப்பு மனப்பாடப் போட்டியாகிவிட்டது. 302 இனி 103, 420 இனி 318. எனக்கு இன்னும் 420 என்றுதான் வாயில் வருகிறது.

காலண்டர் தாள் என் சீனியரிடமிருந்து வந்த பழக்கம். தொண்ணூறுகளில் நான் அவரிடம் சேர்ந்தபோது, கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தால் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கதை முடிந்ததும் என்னிடம் திரும்பி, "தம்பி, கதையை விடு. தேதியை எழுது" என்பார். எழுத வேண்டியது நோட்டில் அல்ல, தினசரி காலண்டரில் கிழித்துச் சேர்த்து வைத்த தாள்களின் பின்புறத்தில். ஒரு தாளில் ஒரு சம்பவம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. கிரயம் ஆன தேதி, பட்டா மாறிய தேதி, தகராறு வந்த தேதி, நோட்டீஸ் போன தேதி, பதில் வந்த தேதி. அப்புறம் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, மேலே மின்விசிறியை நிறுத்திவிட்டு, பார்ப்பார். அவர் தாள்களைப் படிக்கிற மாதிரியே தெரியாது. இரண்டு தாள்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் பார்ப்பார். "கிரயம் முடிஞ்சு ஏழு வருஷம் ஏன்யா பட்டா மாத்தல?" என்று ஒரு கேள்வி வரும். கட்சிக்காரர் முகம் மாறும். வழக்கு அந்த இடத்தில்தான் இருக்கும்.

உயர் நீதிமன்றத்தில் மனுவோடு தேதிப் பட்டியல் ஒன்று சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலான அலுவலகங்களில் மனு முடிந்து, பிரமாண வாக்குமூலம் முடிந்து, கடைசியில் ஒரு ஜூனியர் அவசர அவசரமாக மனுவைப் பார்த்துத் தேதிகளைப் பிடுங்கி எழுதுவார். சீனியர் அதைத் தலைகீழாகச் செய்தார். தேதிப் பட்டியல் முடியாமல் மனுவின் முதல் வரி வராது.

இந்தப் பழக்கத்தின் அருமை எனக்கு அவர் சொல்லிப் புரியவில்லை, அவமானப்பட்டுத்தான் புரிந்தது. ஒரு வண்டிப்பாதை வழக்கு. மேல்முறையீட்டில் நான் தனியாக ஆஜரான முதல் சில வழக்குகளில் ஒன்று. எனக்குச் சாதகமாக ஒரு பழைய தீர்ப்பு கிடைத்தது. அதில் ஒரு பத்தி எனக்காகவே எழுதியது போல இருந்தது. ஹெட்நோட்டைப் படித்தேன், அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தேன், நின்றேன், சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "வக்கீல் சார், இதை யார் சொன்னது?" என்றார். "உச்ச நீதிமன்றம், யுவர் ஆனர்." "கொஞ்சம் மேல இருந்து படிங்க." படித்தேன். அந்தப் பத்தி மேல்முறையீட்டாளர் தரப்பு வக்கீலின் வாதம். நீதிமன்றம் அதை எடுத்தெழுதி, நான்கு பக்கம் தள்ளி நிராகரித்திருந்தது. நான் தோற்றவரின் வாதத்தை நீதிமன்றத்தின் முடிவென்று உரத்த குரலில் படித்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இன்றைக்கும் மாணவர்கள் தீர்ப்போடு வரும்போது முதலில் நான் பார்ப்பது அவர்கள் எங்கே மஞ்சள் அடித்திருக்கிறார்கள் என்பதைத்தான். பத்துக்கு ஆறு பேர் வக்கீல்களின் வாதத்தில்தான் அடித்திருப்பார்கள். அங்கேதான் தமிழ் சினிமா வசனம் மாதிரி வரிகள் இருக்கும். நீதிமன்றம் என்ன முடிவு சொன்னது என்கிற பகுதி பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு, இல்லாத தீர்ப்புக்கு எண்ணும் ஆண்டும் போட்டு எடுத்து வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. உச்ச நீதிமன்ற இணையதளத்தைத் திறந்து அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டச் சொல்வேன். தேடிக்கொண்டே இருப்பார்கள். பருத்திப்பால் ஆறிப்போகும்.

நவம்பர் 22 சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினொரு பேர் வந்தார்கள். காலண்டர் தாள் கொண்டு வந்தவர்கள் மூன்று பேர், மிச்சம் என் கையிருப்பு. ஆளுநர் வழக்கு என்றதும் ஒரு பையன், அண்ணா சொன்ன ஆட்டுத்தாடி உவமையை எடுத்து வீசினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "சரி, அதை ஒரு தாள்ல எழுதி எங்க வைக்கிறேன்னு காட்டு" என்றேன். எழுதினான். தரையில் வரிசையாகக் கிடந்த தாள்களுக்கு மேலே கையை வைத்து இங்கிட்டும் அங்கிட்டும் கொண்டு போனான். வைக்க இடமில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதல் தாளே அவர்களுக்கு அதிர்ச்சி. ஆளுநர் ஆர்.என். ரவிக்கும் தி.மு.க. அரசுக்கும் நடந்த சண்டை என்றுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. ஆனால் வழக்கில் சிக்கிய மசோதாக்களில் பழையவை 2020 ஜனவரியில் நிறைவேறியவை. அப்போது ஆட்சி அ.தி.மு.க.வுடையது, ஆளுநர் பன்வாரிலால் புரோகித். ரவி பதவியேற்றது 2021 செப்டம்பரில்தான். பெரும்பாலான மசோதாக்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தைத் தொட்டவை. "அப்ப இது ஆள் சண்டை மட்டும் இல்லையா சார்?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த தாளை வைக்கச் சொன்னேன்.

அரசு 2023 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு நவம்பர் மாதத் தாள்கள் நெருக்கமாக விழுந்தன. நவம்பர் 13, பத்து மசோதாக்களுக்கு ஆளுநர் ஏற்பிசைவை நிறுத்திவைக்கிறார். நவம்பர் 18, சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அவற்றை மீண்டும் நிறைவேற்றுகிறது. நவம்பர் 28, ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குகிறார். பதினைந்து நாள், மூன்று தாள். மூன்று வருடம் நகராத கோப்பு, வழக்குப் போட்ட பிறகு பதினைந்து நாளில் மூன்று முறை நகர்ந்திருக்கிறது. என் சீனியர் இருந்திருந்தால் மின்விசிறியை நிறுத்தியிருப்பார்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண், வாயே திறக்காதவர், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். பஞ்சாப் வழக்கு. பஞ்சாப் ஆளுநரும் இதே மாதிரி மசோதாக்களை வைத்துக்கொண்டிருந்ததால் வந்த வழக்கில், ஏற்பிசைவை நிறுத்திவைக்கிற ஆளுநர் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும், கையில் வைத்துக்கொண்டு அதைச் சாகடிக்க முடியாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு சொன்னது.

"இதுக்கு ரெண்டு தேதி வருது சார். தீர்ப்பு நவம்பர் 10. ஆனா இணையதளத்துல ஏத்துனது 23."

அறையில் யாரும் பேசவில்லை. அவரே இரண்டு தாளாக எழுதி வைத்தார். இப்போது வரிசை வேறு விதமாகப் பேசியது. 13ஆம் தேதி ஆளுநர் எழுதியபோது பஞ்சாப் தீர்ப்பின் முழு வாசகம் யார் கைக்கும் வரவில்லை என்று அவர் தரப்புக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். 28ஆம் தேதிக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அந்த இடைவெளி ஐந்து நாள். 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, பஞ்சாப் தீர்ப்புக்குப் பிறகும் மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கியதை ஏன் நல்லெண்ணச் செயலாக ஏற்கவில்லை என்பது, அந்தத் தாள்களைப் பார்த்தால் நானூறு பக்கங்களுக்கு மேல் போகும் தீர்ப்பைப் படிக்காமலேயே பாதி புரிந்துவிடும். மிச்சப் பாதிக்குப் படித்துத்தான் ஆக வேண்டும். அதில் குறுக்கு வழி கிடையாது.

படிக்கிறது ஆங்கிலத்தில், பேசுகிறது தமிழில். இதில் ஒரு கஷ்டமும் உண்டு, ஒரு லாபமும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி அதை ஏற்கவில்லை என்று முடிவெடுத்த கதையை நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அதில் எனக்கு இருக்கிற வருத்தம் தனி. ஆனால் ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் உடைத்துப் பேசும்போது, ஆங்கிலத்திலேயே பேசுகிறவர்களுக்குத் தட்டுப்படாத கற்கள் நமக்குத் தட்டுப்படும். இந்த வழக்கில் அந்தக் கல் ஒரே ஒரு வினைச்சொல்.

அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவில் ஆளுநர் ஏற்பிசைவு அளிக்கலாம், அதை 'வித்ஹோல்ட்' செய்யலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம் என்று இருக்கிறது. நடுவில் நிற்கும் சொல்லுக்குத் தமிழ் நாளிதழ்கள் என்ன போட்டன என்று தேடி வரச் சொன்னேன். நிறுத்திவைத்தார், நிராகரித்தார், கிடப்பில் போட்டார், திருப்பி அனுப்பினார். நான்கும் கிடைத்தன, சில சமயம் ஒரே செய்திக்குள். இந்த நான்கும் சட்டத்தில் நான்கு வேறு நிலைமைகள். கிடப்பில் போடுவது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நிராகரிப்பது மசோதாவைக் கொல்வது. திருப்பி அனுப்புவது சட்டமன்றத்துக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது. ஆளுநர் ரவி 2023 ஏப்ரலில் குடிமைப்பணித் தேர்வு எழுதுகிறவர்களிடம் பேசியபோது, நிறுத்திவைத்தால் மசோதா செத்துவிட்டது என்றுதான் பொருள் சொன்னார். நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. அவர் உளறிவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். உளறல் இல்லை, ஒரு வாதம். தோற்ற வாதம், ஆனால் வாதம்.

வழக்கு முழுக்க அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது. ஆளுநர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதை மாணவர்களிடம் இப்படி உடைத்தேன்: ஆளுநர் 13ஆம் தேதி மசோதாவைத் திருத்தக் கருத்தோடு திருப்பி அனுப்பவில்லை, நிறுத்திவைத்தார். நிறுத்திவைத்ததும் அது முடிந்துபோனது. ஆகவே 18ஆம் தேதி சட்டமன்றம் செய்தது மறுநிறைவேற்றம் ஆகாது. ஆகவே, இரண்டாம் முறை வந்தால் ஏற்பிசைவை மறுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆளுநருக்குப் பொருந்தாது. ஆகவே அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மூன்று ஆகவே. முதல் சொல்லின் பொருள் மாறினால் மூன்றும் சரிந்துவிடும். ஏப்ரலில் இருவர் அமர்வு அதைத்தான் சரித்தது. நிறுத்திவைத்தல் என்பது தனிக் கதவு அல்ல, திருப்பி அனுப்புவதோடு சேர்ந்தே வரும் என்றது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. நவம்பர் 20ஆம் தேதி ஐவர் அமர்வு ஏப்ரல் தீர்ப்பின் பல முடிவுகளை ஏற்கவில்லை. காலக்கெடு விதிக்க முடியாது என்றது. காலம் கடந்தால் ஏற்பிசைவு கிடைத்ததாகவே கருதலாம் என்பது கூடாது என்றது. இந்த விஷயத்தில் அமைச்சரவையின் ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் இல்லை, அவருக்குத் தன் விருப்புரிமை உண்டு என்றது. இதெல்லாம் தலைப்புச் செய்தியில் வந்தது. ஆனால் அந்த வினைச்சொல்லில் ஐவரும் இருவரோடு உடன்பட்டார்கள். மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு வழியில்லை. மசோதா செத்துவிட்டது என்ற 2023 ஏப்ரல் விளக்கம் இரண்டு அமர்வுகளிலும் தோற்றது. எந்தச் சேனலின் கீழ்வரியிலும் அதை நான் பார்க்கவில்லை. வியாழக்கிழமை என் படியேறி வந்த இருவருக்கும் அது தெரியாது, வக்கீல் சங்கத்தில் டீ குடித்த எனக்கும் தெரியாது.

இதற்குள் ஒரு மாணவர் ஒரு நியாயமான கோபத்தோடு கையைத் தூக்கினார். ஏப்ரலில் தீர்ப்பு வந்துவிட்டது, மறுசீராய்வு மனு போடாமல், குடியரசுத் தலைவர் மே 13 அன்று 143ஆவது பிரிவில் கேள்வி கேட்டு அதை மாற்றுவது கொல்லைப்புற வழி இல்லையா என்றார். இதற்குக் காவிரிக்குப் போக வேண்டும். 1991இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட இடைக்கால உத்தரவு போட்டதும் கர்நாடகம் அதை முறிக்க அவசரச் சட்டம் கொண்டு வந்தது, அதன் மேல் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அப்போதே, தான் முடிவு செய்துவிட்ட ஒன்றை இந்த வழியில் மேல்முறையீடு போல மறுபடி விசாரிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் அரசும் கேரளமும் 2025இல் அதைத்தான் எடுத்து நீட்டின. மறுபக்கத்தில் 2012ஆம் ஆண்டின் அலைக்கற்றைக் கருத்துரை இருக்கிறது: இரு தரப்புக்கு நடுவே முடிந்த தீர்ப்பைத் தொடாமல், சட்டக் கருத்தை மட்டும் விளக்கலாம் என்று. தாங்கள் மேல்முறையீட்டில் உட்காரவில்லை, சட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று விசாரணையின்போதே அமர்வு சொன்னது. "அப்ப அந்தப் பத்துச் சட்டம்?" என்றார். ஏப்ரலில் சில நாட்களுக்குள் ஆளுநர் கையெழுத்து இல்லாமலேயே அரசிதழில் வந்த சட்டங்கள் அவை. அந்தக் கேள்வியை நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு வக்கீலுக்கு இப்படித் தப்பிக்க உரிமை உண்டு.

அடுத்த சனிக்கிழமை பக்கம் மாற்றினோம். இது என் பழைய தந்திரம். யார் எந்தப் பக்கம் கொதிக்கிறார்களோ அவர்களை எதிர்ப்பக்கம் நிற்க வைப்பது. கல்லூரி மூட் கோர்ட்டில் எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கலில் விழும். இங்கே நான் வேண்டுமென்றே செய்கிறேன். ராமநாதபுரத்துப் பெண் உள்ளுக்குள் மாநில அரசின் பக்கம். அவரை ஆளுநருக்காகப் பேசச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. ஆனால் ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1948ஆம் ஆண்டு வரைவு அரசியல் சட்டத்தில், குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று இருந்ததையும், 1949இல் அம்பேத்கர் அதை எடுத்துவிட்டு 'கூடிய விரைவில்' என்று மாற்றியதையும், எச்.வி. காமத் அதை எதிர்த்ததையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கெடு வச்சிருந்தாங்க சார். தெரிஞ்சே எடுத்தாங்க. எடுத்ததைக் கோர்ட் எப்படித் திருப்பி வைக்கும்? அப்புறம் அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்ற பெரிய கேள்வின்னா அஞ்சு நீதிபதி உக்காரணும்னு 145இல இருக்கு. ஏப்ரல்ல உக்காந்தது ரெண்டு பேர்."

சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் பயம் வந்ததைப் பார்த்தேன். தன் பக்கத்தின் ஓட்டையைத் தானே கண்டுபிடித்த பயம். அந்தப் பயம் வந்த பிறகுதான் ஒருவர் மாநில அரசுக்காக நன்றாக வாதாட முடியும். அவருக்கு எதிரே நிறுத்திய பையன், கவர்னர் ஜெயித்துவிட்டார் என்று படியேறி வந்தவன்தான், தயாராகாமல் வந்து தடுமாறினான். அதற்கடுத்த வாரம்தான் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் கவர்னர் 'தம் விருப்புரிமைப்படி' என்ற சொற்கள் இருந்தன, 200ஆவது பிரிவில் இல்லை. "அவங்க கெடுவ எடுத்தாங்கன்னா இவங்க விருப்புரிமையையும்ல எடுத்திருக்காங்க" என்றான். தாமதமாக வந்தாலும் நல்ல அடி.

ஏப்ரல் தீர்ப்பின் மூன்று மாதக் கெடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. நீதிபதிகள் வானத்திலிருந்து பறித்தார்கள் என்று இரண்டு பக்கமும் நம்பியது. ஒரு பக்கம் அதைத் துணிச்சல் என்றது, மறுபக்கம் அத்துமீறல் என்றது. எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகச் சொன்னேன். தீர்ப்பிலேயே வழி இருந்தது: ஒதுக்கப்பட்ட மசோதாக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே 2016இல் போட்ட அலுவலகக் குறிப்பாணை. அதற்கும் முன்னால் சர்க்காரியா ஆணையம், புஞ்சி ஆணையம் என்று கெடு வேண்டும் என்ற பரிந்துரைகள் வரிசையாக இருக்கின்றன. குடியரசுத் தலைவருக்கு விதித்த கெடு, அவருடைய அரசே தனக்கு விதித்துக்கொண்டு மறந்த கெடு. இதனால் அதை நீதிமன்றம் உத்தரவாகப் போட்டது சரி என்று ஆகிவிடாது. ஆனால் துணிச்சல், அத்துமீறல் என்ற இரண்டு சொற்களும் கொஞ்சம் சுருங்கின.

என் கருத்து என்ன என்று கேட்பார்கள். வாசிப்பு முடிகிறவரை சொல்ல மாட்டேன், முடிந்த பிறகு மறைக்க மாட்டேன். ஏப்ரல் தீர்ப்பின் முடிவு எனக்குப் பிடித்திருந்தது, அங்கே போய்ச் சேர்ந்த வழியின் கடைசித் திருப்பம் உறுத்தியது. 142ஆவது பிரிவில் நீதிமன்றம் ஏற்பிசைவு கிடைத்ததாக அறிவித்தபோது என் மனம் 2022 மே 18க்குப் போனது. அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த பரிந்துரை ராஜ்பவனில் தேங்கியதால் அதே 142ஐ வைத்துப் பேரறிவாளனை விடுதலை செய்த நாள். அன்று இந்த ஊரில் பட்டாசு வெடித்தது. ஒரு மனிதனின் விடுதலைக்குப் பயன்பட்ட கருவியைச் சட்டம் பிறப்பிக்கவும் பயன்படுத்தலாமா என்று என்னால் உடனே தலையாட்ட முடியவில்லை. நவம்பர் கருத்துரையும் எனக்கு வயிறு நிறையவில்லை. நீண்ட, விளக்கமில்லாத தாமதம் என்றால் நீதிமன்றம் தலையிட்டு 'முடிவெடுங்கள்' என்று மட்டும் சொல்லலாமாம். எது நீண்டது? ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநிலம் டெல்லிக்குப் போய் நின்று, வாய்தா வாங்கி, அது நீண்டதுதான் என்று நிரூபிக்க வேண்டும். முப்பது வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். தெலங்கானாவும் பஞ்சாபும் கேரளமும் அப்படித்தான் போய் நின்றன. தெலங்கானா யாரை எதிர்த்துப் போனது என்று பையன்களைக் கேட்டேன். நம்ம ஊர் தமிழிசை சௌந்தரராஜன் அங்கே ஆளுநராக இருந்தது பாதிப் பேருக்கு மறந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு, தாள்களை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண். என் தேதி நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. ஏப்ரலில் தீர்ப்பு வந்த வாரமே நான் எழுதிய பட்டியல். அதை வைத்து இரண்டு கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி பார்த்தார்.

"சார், நவம்பர் 18க்கு நேரா பன்னெண்டு மசோதா திரும்ப நிறைவேத்துனதா எழுதியிருக்கீங்க."

"ஆமா. மொத்தம் பன்னெண்டு தானம்மா நிலுவையில இருந்துச்சு?"

"நிலுவை பன்னெண்டு சார். திரும்ப நிறைவேத்துனது பத்துதான். ரெண்டு ஏற்கெனவே டெல்லிக்குப் போயிருச்சு."

தீர்ப்பை எடுத்துப் புரட்டினேன். குமாஸ்தா அண்ணன் பூட்டும் கையுமாக வாசலில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பத்துதான். பேனாவை எடுத்து 12ஐ அடித்தேன், மேலே 10 என்று எழுதினேன், பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன்.